ஊரிலேயே உரிமையோடு இருக்க: திருநர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் திருநங்கை. அப்பா இறந்ததும் அண்ணன்கள் என் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்று வாங்கிவிட்டார்கள். நிலத்தில் எனக்குப் பங்கு உண்டா?

பதில்: உண்டும்மா. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. உங்களை எந்தக் கணக்கில் சேர்த்தாலும் அளவு மாறாது. முதலில் வில்லங்கச் சான்று (நிலத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று) போட்டு, பாகப்பிரிவினையோ விற்பனையோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வட்டாட்சியரிடம் ஆட்சேப மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே ஆள் என்று காட்டப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு நகல், அரசிதழ் பெயர் மாற்ற அறிவிப்பு மூன்றையும் இணையுங்கள். "அவன் ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷம்" என்று வி.ஏ.ஓ. விசாரணையில் சொல்வார்கள். ஊரில் இல்லாததால் வாரிசுரிமை போகாது. பாகப்பிரிவினை பதிவாகிவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள். அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததை உயில் எழுதி வைத்திருந்தால் கதை வேறு.

ஒன்று மட்டும்: கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து விடுதலைப் பத்திரத்தில், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துக் கேட்பார்கள். போட்டுவிட்டால் மீட்பது பெரும்பாடு.

கேள்வி: பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, ஊரைக் காலிசெய் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

பதில்: இரண்டுமே குற்றம். 2019 திருநர் உரிமைச் சட்டம், 18ஆம் பிரிவு: ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம். புகாரில் "ஊரே ஒதுக்குகிறது" என்று எழுதினால் நிற்காது. யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால்.

கேள்வி: நான் திருநம்பி, வயது 22. வீட்டைவிட்டு வந்ததும் "காணவில்லை" என்று புகார் கொடுத்துவிட்டார்கள். இழுத்துப் போவார்களா?

பதில்: முடியாது தம்பி. நீங்கள் வயது வந்தவர். விருப்பப்படி வந்ததாக வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டிருக்கிறது. வயதுச் சான்றோடு, தெரிந்த வக்கீலையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பத்தாவது படிக்கும் பிள்ளை தன்னைப் பெண் என்கிறான். டாக்டர் அந்த எண்ணத்தை மாற்றிவிடுவாரா?

பதில்: மாற்றித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள் அம்மா. அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. முடியை வெட்டாதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள். தலைமையாசிரியரிடம் தனியாகப் பேசி, ஆசிரியர் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள்.