டீச்சரிடம் கேளுங்கள்: அம்மி பறக்கும் காற்றில் சைக்கிள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் நிறுத்தாமல் அடுத்தடுத்து முடிக்கிற போட்டிதான் டிரையத்லான். பி.டி. டீச்சராக வேலை பார்த்தபோது 44 வயதில் இதில் விழுந்தேன். பணி ஓய்வு பெற்றும் இன்னும் எழுந்திருக்கவில்லை. போன இதழில் இதைப் பற்றி இரண்டு வரி எழுதப்போக, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெயிலும் காற்றும்தான். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே. மூட்டுவலிக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஓடிப் பழகுகிறேன். கொடநாடு வரை சைக்கிளும் உண்டு. ஆகஸ்டில் கடற்கரை ஊர் ஒன்றில் ஒலிம்பிக் தூரப் போட்டிக்குப் (1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம்) பெயர் கொடுத்திருக்கிறேன். மலையில் பழகியவனுக்குக் கீழே எல்லாம் சுலபம் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா டீச்சர்?
– ஒரு வாசகர், கோத்தகிரி

தம்பி, இதே நினைப்போடுதான் நானும் முதல் போட்டிக்கு மலை இறங்கினேன். கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று வந்தால் சுமார் 5 கி.மீ. இரண்டு சுற்றை 58 நிமிடத்தில் முடிக்கிறவள் நான். கீழே அதே 10 கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசி 3 கி.மீ. நடைதான். மீன் கூடை சுமந்த ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனதை இன்று வரை வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நண்பர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2,000 மீட்டர் உயரத்தில் வாரக்கணக்கில் இருந்தால், மெலிந்த காற்றுக்கு ஈடுகொடுக்க உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். ஆனால் வெயிலில் ரத்தத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை. கால் தசைக்கும் போக வேண்டும், சூட்டை வெளியே தள்ளத் தோலுக்கும் போக வேண்டும். வியர்த்துக் கொட்டக் கொட்ட ரத்தத்தின் நீர்ப்பகுதி வேறு குறைந்துகொண்டே வரும். இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கப் பார்க்கும். அதற்கும் ஒரு எல்லை உண்டல்லவா?

மலைக்காரர்களுக்கு வியர்க்கத் தெரியாது. அதுதான் சங்கதி. வியர்வையும் பழக்கத்தில் வருவதுதான். சூட்டில் 10 முதல் 14 நாள் பயிற்சி எடுத்தால் உடம்பு கற்றுக்கொள்ளும். சீக்கிரமே வியர்க்க ஆரம்பிக்கும், நிறைய வியர்க்கும், வியர்வையில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஜூனிலேயே போய்ப் பழகிவிட்டு வந்தால் பிரயோஜனமில்லை. மலையேறிய சில வாரங்களில் உடம்பு எல்லாவற்றையும் மறந்துவிடும்.

லீவு கிடைக்காது என்றால் நான் செய்வதைச் சொல்கிறேன். மாலை ஓட்டம் முடிந்த கையோடு, தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம்மில் 40 டிகிரி வெந்நீர். கழுத்து வரை இறங்கி உட்கார வேண்டும், முட்டி தாடையில் இடிக்கும். முதல் நாள் 20 நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 40 வரை. ஆறேழு நாள் விடாமல். வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், எழும்போது தலை சுற்றும். இதய நோய் உள்ளவர்கள், பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. இத்தனை விறகை எரித்ததற்கு என் மாமியார் என்ன சொன்னார் என்பது இந்தப் பத்திரிகையில் அச்சேறாது.

போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகுக்காற்று. கடைசியில் சரிக்குச் சரியாகிவிடும்தானே?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். போக 20 கி.மீ., வர 20 கி.மீ. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 80 நிமிடம். காற்றில் போகும்போது 20 ஆகக் குறைந்து, வரும்போது 40 ஆகக் கூடினால்? போக 60 நிமிடம், வர 30. மொத்தம் 90. மெதுவாகப் போகிற பாதியில்தான் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் பறிபோனது முழுசாகத் திரும்பாது.

அந்த 10 நிமிடத்தை எதிர்காற்றிலேயே மீட்கிறேன் என்று மிதிப்பவர்கள்தான் ஓட்டத்தில் பிளாட்பாரத்தில் உட்காருவார்கள். காற்று தடுக்கிற விசை, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். இரண்டு கி.மீ. வேகம் கூட்டுவதற்குக் கொட்டுகிற சக்தி அநியாயம். நான் ஸ்பீடோமீட்டர் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவேன். எண்ணைப் பார்த்தால் ரோஷம் வருகிறது. மூச்சை மட்டும் கவனிப்பேன்: பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா? சரி, அதே மிதி.

முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். நீண்ட தூரப் போட்டிகளில் அது குற்றம். அயர்ன்மேன் என்ற மிக நீண்ட டிரையத்லான் போட்டிகளில் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். மீறினால் தண்டனைக் கூடாரத்தில் நிமிடக்கணக்கில் நிற்க வைப்பார்கள்.

முதுகுக்காற்று என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். சைக்கிளில் சரி. ஓட்டத்தில் அது ஒரு கண்ணி. நீங்கள் மணிக்கு 10 கி.மீ. ஓடுகிறீர்கள், பின்னாலிருந்து காற்றும் அதே வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். உங்கள் தோலுக்குக் காற்றே இல்லை. கதவைச் சாத்திய அறைக்குள் ஓடுகிற மாதிரி. அந்தப் பக்கம்தான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், அந்தப் பக்கம்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பக்கக்காற்றில் சைக்கிள் இழுத்துக்கொண்டு போகிறது. விழுந்துவிடுவேனோ என்று ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதில் தோள் கழன்றுவிடும் போல் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, குன்னூர்

முதலில் அந்தப் பிடியை விடுங்கள் அம்மா. இறுக்கிப் பிடித்தால் காற்று உங்கள் உடம்பை ஆட்டுவதெல்லாம் அப்படியே ஹேண்டிலுக்குப் போகும். முழங்கை மடங்கி, தோள் தளர்ந்து இருந்தால் சைக்கிள் தன்பாட்டுக்குக் கொஞ்சம் ஆடிவிட்டு நேராகும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, 30 மீட்டர் தள்ளி இருக்கட்டும். முன்பக்கம் நீட்டிய கம்பியில் முழங்கையை வைத்துப் படுத்து ஓட்டுகிறவரானால், காற்று வாரி அடிக்கும்போது எழுந்து பிரேக் பக்கம் கை வைத்துவிடுங்கள். போகிற இரண்டு நிமிடம் போகட்டும்.

நான் இதைப் பழகியது மலையில் இல்லை, பழனிக்குக் கீழே தாராபுரம் ரோட்டில், ஆடி மாதத்தில். தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டுப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்கையோடு வருகிற இடம் அது. உடுமலை, தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், என் 9 கிலோ சைக்கிள் எம்மாத்திரம்.

அந்த ரோட்டில் ஒன்று தெரிந்துகொண்டேன். விடாமல் அடிக்கிற காற்று ஆளைத் தள்ளுவதில்லை, விட்டு விட்டு அடிப்பதுதான் தள்ளுகிறது. புளியமர வரிசை முடிகிற இடம். பாலத்தின் கைப்பிடிச் சுவர் முடிகிற இடம். எல்லாவற்றையும் விட லாரி. காற்று வலப்பக்கமிருந்து அடிக்கிறது, நீங்களும் உங்களை அறியாமல் வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுகிறீர்கள். ஒரு லாரி உங்களை ஒட்டித் தாண்டுகிறது. அதன் நீளம் முழுக்கக் காற்று நின்றுபோகும், நீங்கள் லாரிச் சக்கரத்தை நோக்கிச் சரிவீர்கள். லாரி தாண்டியதும் கன்னத்தில் அறைந்த மாதிரி காற்று திரும்ப வரும். இந்த மூன்று நொடியை எதிர்பார்த்து இருந்தால் போதும், பாதி பயம் போய்விடும். அப்புறம், கடன் வாங்கியாவது ஆழமான கார்பன் ரிம் (பக்கவாட்டில் அகலமான சக்கர வளையம்) மாட்டிக்கொள்ளும் ஆசை உங்களுக்கு இருந்தால், முன்சக்கரத்துக்கு வேண்டாம், பக்கக்காற்று அதைப் பிடித்துத் தள்ளும்.

உலகத்திலேயே வெயிலுக்கும் காற்றுக்கும் பேர்போன போட்டி எது?
– ஒரு வாசகர், ஊட்டி

ஹவாய்த் தீவில் கோனா. 1978-இல் ஓவாஹு தீவில் 15 பேரோடு தொடங்கிய முதல் அயர்ன்மேன், 1981-இல் அங்கே இடம் மாறியது. 3.8 கி.மீ. கடல் நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதற்கு மேல் 42.2 கி.மீ. ஓட்டம். சைக்கிள் பாதை எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறைகளுக்கு நடுவே போகிறது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஹாவி என்ற ஊரை நெருங்கும்போது பக்கக்காற்று அப்படி அடிக்கும் என்பதால், முழுசாக மூடிய டிஸ்க் சக்கரத்துக்கு அங்கே தடை. நான் போனதில்லை, போகவும் போவதில்லை. எனக்குத் தாராபுரம் ரோடு போதும்.

என் மகள் இந்தப் போட்டிகளில் கலந்துகொள்கிறாள். வெயிலுக்கு இளநீர் போதாதா? பொடி பாக்கெட் எல்லாம் எதற்கு?
– ஒரு வாசகி, பண்ணைக்காடு

இளநீர் நல்லது, ஆனால் இதற்குப் போதாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம், அதாவது நம் சாப்பாட்டு உப்பு. இளநீரில் உப்பைப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

உப்பு போவது நமக்குத் தெரிவதில்லை என்பதுதான் காற்றடிக்கிற நாளின் சூது. புழுக்கத்தில் சட்டை நனைந்து ஒட்டும், வியர்க்கிறது என்று தெரியும். காற்றில் வந்த வேகத்தில் காய்ந்துவிடும். ‘எனக்கு வியர்க்கவே இல்லை’ என்று சொல்லிக்கொண்டே லிட்டர் கணக்கில் இழந்திருப்போம். கறுப்புச் சட்டை போடச் சொல்வேன், வெயிலுக்குக் கறுப்பா என்று திட்டினாலும். பயிற்சி முடிந்ததும் முதுகில் பாருங்கள்: ஏரி வற்றினால் கரையில் தெரியுமே, அந்த மாதிரி வளைவு வளைவாக வெள்ளைக் கோடுகள். நாக்கில் வைத்தால் கரிக்கும். கோடு தடிமனாக இருக்கிறவர்களுக்கு உப்பு அதிகம் வேண்டும்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எடை பார்ப்பதே வழி. பயிற்சிக்கு முன் ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துக்கொண்டு ஒருமுறை. நடுவில் எதுவும் குடிக்காமல் இருந்து, ஒரு கிலோ எடை குறைந்திருந்தால், போனது சுமார் ஒரு லிட்டர் வியர்வை. நான் முதலில் எடை பார்த்தது கேரட் மண்டித் தராசில். மூட்டைக்குப் பதில் டீச்சர் ஏறி நின்றதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

அதிகமாகக் குடிப்பதும் ஆபத்துதான், அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கடற்கரைப் போட்டியில் வழி நெடுக வெறும் தண்ணீர்தான் வைத்திருந்தார்கள். பயத்தில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு டம்ளர். ஓட்டத்தில் பாதி தாண்டும்போது வாட்ச் பட்டை மணிக்கட்டில் இறுகியது. ஒரு துளை தளர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு துளை. விரல்கள் வெண்டைக்காய் மாதிரி இருந்தவை கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டன, மோதிரம் அசையவில்லை. தலைவலி, குமட்டல். தாகம்தான் என்று நினைத்து மேலும் குடித்தேன். மருத்துவக் கூடாரத்திலிருந்த சின்னப்பெண் டாக்டர் என் மோதிரத்தைப் பார்த்துவிட்டு, ‘ஆன்ட்டி, இனி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது’ என்றார். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருந்தது. முற்றினால் வலிப்பு வரை போகும்.

பாக்கெட் இல்லாவிட்டால் வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூட இரண்டு மலைவாழைப்பழம். பண்ணைக்காட்டுக்காரருக்கு மலைப்பழத்தின் அருமையை நான் சொல்ல வேண்டுமா? கையில் கொடுத்தனுப்பும்போது செங்காயாகப் பார்த்துக் கொடுங்கள், கீழே சூட்டில் ஒரே நாளில் கொழகொழத்துவிடும்.

போட்டியில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள்? மகன் கேட்கவே மாட்டேன் என்கிறான். எப்போது பயப்பட வேண்டும் என்றாவது சொல்லுங்கள்.
– ஒரு தாய், தாண்டிக்குடி

பயம் நியாயமானது அம்மா. உலக மட்டத்தில் இருப்பவர்களுக்கே நடக்கிறது. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெலில், முன்னணியில் ஓடிய பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லீ முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்பு கால் பின்னித் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், தம்பியைத் தோளில் தாங்கி இழுத்துவந்து கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டார்.

கால் பிடிப்பு, களைப்பு இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். பேச்சு மாறுகிறதா என்று பாருங்கள். பெயர், ஊர் கேட்டால் தடுமாறுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, நேராக நடக்க முடியாமல் போவது. இவை தெரிந்தால் வெப்ப அடி (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘தோல் காய்ந்திருந்தால்தான் வெப்ப அடி’ என்பார்கள். நம்பாதீர்கள், ஓடுகிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். 108-க்குச் சொல்லிவிட்டு வண்டி வரும் வரை காத்திருக்காமல் குளிர வையுங்கள். தொட்டியில் ஐஸ் தண்ணீர் இருந்தால் கழுத்து வரை இறக்குங்கள். இல்லாவிட்டால் குடம் குடமாக ஊற்றி விசிறுங்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மகனோடு போகிற நண்பன் யாரோ, இந்தப் பத்தியை அவனிடம் கொடுங்கள்.

கொடைக்கானலில் இருந்துகொண்டு நீச்சல் எங்கே பழகினீர்கள்? ஏரியிலா?
– ஒரு வாசகர், பழனி

ஏரி படகுகளுக்கு. நான் பழகியது வத்தலக்குண்டுப் பக்கம் என் அண்ணன் தோட்டக் கிணற்றில். குறுக்கே 12 மீட்டர், 1.5 கி.மீ.க்கு 125 தடவை. எண்ணுவதற்கு அண்ணன் மகன் திட்டில் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு உட்காருவான், பாதியில் தூங்கிவிடுவான். கிணற்றில் அலை கிடையாது. கடலில் காற்று எழுந்தால் மூச்சு எடுக்கிற வாய்க்குள்ளேயே அலை வரும். அதனால் இரண்டு பக்கமும் மூச்சு எடுக்கப் பழகுங்கள், அலைக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.

இந்த வயதில் வெயிலில் போய் விழுந்து எழுந்து வருகிறீர்களே, வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லையா?
– ஒரு வாசகி, பூம்பாறை

பூண்டு வியாபாரி, அதிகம் பேச மாட்டார். ஒவ்வொரு போட்டிக்கும் ஃபிளாஸ்க்கும் துண்டுமாக முடிவுக் கோட்டில் நிற்பார். நான் உப்புப் பூத்துத் தள்ளாடி வந்து நின்றதும் கேட்கிற ஒரே கேள்வி: ‘மேலே போக கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’