வர்த்தக ஒப்பந்தங்களில் சிவில் சமூக ஆலோசனைக் குழுக்கள் சொல்வதை அரசுகள் காதில் போட்டுக்கொள்கின்றனவா?

போட்டுக்கொள்கின்றன. ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும், குழுவில் இருப்பவர்கள் விடாமல் நிற்கவும் வேண்டும். தொழிற்சங்க வேலையில் இருப்பதால் இந்த விஷயத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். யார் கேட்டாலும் நான் சொல்வது தென் கொரியாவில் நடந்ததைத்தான்.

ஐரோப்பிய ஒன்றியமும் தென் கொரியாவும் போட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 13-வது அத்தியாயம் தொழிலாளர் உரிமையையும் சுற்றுச்சூழலையும் பற்றியது. அதைக் கண்காணித்து ஆலோசனை சொல்ல இரு தரப்பும் ஆளுக்கொரு உள்நாட்டு ஆலோசனைக் குழு வைக்க வேண்டும். தொழிற்சங்கம், சுற்றுச்சூழல் அமைப்பு, முதலாளிகள் சங்கம் மூன்றும் அதில் உட்காரும். ஆலோசனை சொல்லலாம், அதிகாரம் கிடையாது.

சங்கம் சேரும் உரிமையை மதிப்போம், இன்னும் ஏற்காத அடிப்படை ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கைகளை ஏற்கத் தொடர்ந்து முயல்வோம் என்று அந்த அத்தியாயத்தில் உறுதி இருந்தது. நடந்தது வேறு. 2013-ல் கொரிய ஆசிரியர் சங்கத்துக்கு அரசிடமிருந்து ஒரு அறிவிப்பு வந்தது: நீங்கள் இனி சட்டப்படி சங்கமே இல்லை. சுமார் 60,000 உறுப்பினர்களில் 9 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டவர்கள். வேலை போனவர் உறுப்பினராக இருக்கக்கூடாது என்பது அங்கிருந்த சட்டம். இதில் உள்ள கொடுமையைப் பாருங்கள். சங்க வேலை செய்ததற்காக ஒருவரை நிர்வாகம் வெளியே தள்ளினால், அவருக்காக நிற்க வேண்டிய சங்கமே அவரைக் கைகழுவ வேண்டும், இல்லையென்றால் சங்கத்துக்கே அங்கீகாரம் போகும்.

ஐரோப்பியத் தரப்பு ஆலோசனைக் குழு 2014 ஜனவரியிலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் வர்த்தக ஆணையருக்கு எழுதியது: கொரியாவுடன் முறைப்படி பேச்சைத் தொடங்குங்கள் என்று. தொடங்கவில்லை. 2015 டிசம்பரில் கொரியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஹான் சாங்-கியுன் கைதாகிச் சிறைக்குப் போனார். 2016 கடைசியில் குழு மறுபடியும் எழுதியது. பேச்சுக்கு அழைப்பு போனது 2018 டிசம்பரில். கிட்டத்தட்ட 5 வருடம்! குழு எழுதினால் இத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இல்லாததன் விலைதான் இந்த 5 வருடம் என்பது என் எண்ணம்.

பேச்சில் தீரவில்லை. 2019-ல் நிபுணர் குழு கேட்கப்பட்டு, 2021 ஜனவரியில் அறிக்கை வந்தது. 'இது எங்கள் உள்நாட்டுச் சட்டம், வர்த்தகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்ற கொரியாவின் வாதத்தை நிபுணர்கள் ஏற்கவில்லை. வேலை போனவர்களையும் சுயதொழில் செய்பவர்களையும் சங்கத்திலிருந்து ஒதுக்கும் பிரிவுகள் உறுதிமொழிக்கு முரண் என்றார்கள். ஐஎல்ஓ உடன்படிக்கைகளை ஏற்கக் கொரியா எடுத்த முயற்சி போதாது என்ற குற்றச்சாட்டை மட்டும் ஏற்கவில்லை. சங்கம் சேரும் உரிமை பற்றிய 87, கூட்டுப் பேரம் பற்றிய 98 உட்பட 3 ஐஎல்ஓ உடன்படிக்கைகளைக் கொரியா அதே 2021-ல் ஏற்றது. அபராதமோ வரித்தடையோ எதுவும் கிடையாது. கொரியத் தொழிலாளர்களின் போராட்டத்துக்கு வெளியிலிருந்து கிடைத்த ஒரு பிடிமானம் அது.

வர்த்தகத்தோடு சம்பந்தம் காட்ட வேண்டுமா என்பது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்கா மத்திய அமெரிக்க நாடுகளோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் 'வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில்' என்ற சொற்கள் இருந்தன. குவாத்தமாலா பற்றி 2008-ல் தொழிற்சங்கங்கள் கொடுத்த புகார், 2017-ல் அந்தச் சொற்களில் மாட்டித் தோற்றது. தொழிலாளர் சட்டம் அமலாகாததைப் பல இடங்களில் காட்டியும் பயனில்லை.

சுற்றுச்சூழல் பக்கம் ஒன்று. பெருவில் காட்டு மரம் வெட்டுவதைக் கண்காணிக்கும் ஓசின்ஃபோர் அமைப்பின் தன்னாட்சியை 2018 டிசம்பரில் அரசு பறித்தது. பெருவும் அமெரிக்காவும் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் வன இணைப்பில் அந்த அமைப்பு சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. 2019 ஜனவரியில் அமெரிக்கா பேச்சுக்கு அழைத்தது, ஏப்ரலில் பெரு பின்வாங்கியது. வாசகம் திட்டவட்டமாக இருந்தால் வேலை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதற்கு இது போதும்.

இந்தியாவுக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. 2024 மார்ச்சில் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் நாடுகளோடு போட்ட ஒப்பந்தத்தில் நிலைத்த வளர்ச்சிக்கென்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. 87-ஐயும் 98-ஐயும் நாம் இன்னும் ஏற்கவில்லை. நாளைக்கு இப்படி ஒரு குழுவில் உங்கள் அமைப்புக்கு இடம் கிடைத்தால், பொதுவாகக் கவலை தெரிவித்துவிட்டு எழுந்து வராதீர்கள். எந்தப் பிரிவு, எந்தச் சட்டம், யார் பாதிக்கப்பட்டார்கள் என்று எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு எழுத்தில் பதில் கேளுங்கள். வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதையே முதல் பொருளாக வையுங்கள்.