போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே மெயில்: பாப்3 வைக்கறதா, ஐமேப் வைக்கறதா?

கேள்வி: அண்ணா, கடை கம்ப்யூட்டர்ல அவுட்லுக்ல மெயில் எல்லாம் வருது, அதே ஐடிய போன்ல போட்டா இன்பாக்ஸ் காலியா இருக்கே?

பதில்: கடையில பாப்3 போட்டு வச்சிருக்காங்க தம்பி, அதான். மெயில சர்வர்லருந்து (மெயில் கம்பெனியோட கம்ப்யூட்டர்) உங்க மெஷினுக்கு இறக்கிடுற முறை அது. 1988ல வந்தது, அப்ப ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலே பெருசு, அதனால மெயில இறக்கிட்டு சர்வர்ல அழிச்சிடுறது யாருக்கும் தப்பா தெரியல. இப்ப உங்க பழைய மெயில் முழுக்க அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்லதான் இருக்கு, அது போனா எல்லாமே போச்சு. இன்னைக்கே அவுட்லுக் மெயில் எல்லாம் சேத்து வைக்கிற அந்த பிஎஸ்டி ஃபைல ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்துடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். அது முடிஞ்சதும் அதே ஐடிய ஐமேப்பா (மெயில் சர்வர்லயே இருக்கும், எல்லா மெஷினும் அதையே காட்டும்) இன்னொரு தடவ சேர்த்து, பழைய மெயில செலக்ட் பண்ணி ஐமேப் ஃபோல்டருக்குள்ள இழுத்து விடுங்க, மெதுவா சர்வருக்கு ஏறிடும், அப்புறம் போன்லயும் தெரியும். மொத்தமா இழுக்காதீங்க, ஐநூறு ஐநூறா பண்ணுங்க.

கேள்வி: ஐமேப்ல அனுப்புன மெயிலும் ரெண்டு பக்கமும் தெரியுமா?

பதில்: தெரியும். படிச்சது, படிக்காதது, ஃபோல்டர், அனுப்புனது எல்லாம் சர்வர்லயே இருக்கும். பாப்3க்கு இன்பாக்ஸ் மட்டும்தான் தெரியும், அனுப்புனது எந்த மெஷின்ல அடிச்சீங்களோ அங்கேயே கிடக்கும்.

கேள்வி: அப்ப ஐமேப் போட்டா பேக்கப் தேவையில்லைதானே சார்?

பதில்: அப்படி இல்லவே இல்லங்க, பேக்கப் கண்டிப்பா வேணும், இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. போன்ல கை தவறி அழிச்சா லேப்டாப்லயும் அழிஞ்சிடும், குப்பையில கொஞ்ச நாள் இருக்கும், அவ்ளோதான். என் அக்கா வீட்ல பையன் போன வச்சு விளையாடுறப்ப ஒரு ஃபோல்டரே போயிடுச்சு, வீட்டு லோன் கடிதம் எல்லாம் அதுலதான் இருந்துச்சு, மாசக்கணக்கா யாரும் கவனிக்கல. அதனால தண்டர்பேர்ட்ங்கற மெயில் சாஃப்ட்வேர்ல லோக்கல் ஃபோல்டர்ஸ்னு, கம்ப்யூட்டர்லயே மெயில் வைக்கிற இடம் இருக்கு பாருங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா முக்கியமானத அங்க காப்பி பண்ணுங்க. மூவ் இல்ல, காப்பி.

கேள்வி: ஹோஸ்டிங் கம்பெனி ஒரு ஜிபிதான் குடுத்திருக்கான், நிரம்பிடுச்சு, பாப்3க்கு மாறிடவா?

பதில்: ஒரே கம்ப்யூட்டர்ல மட்டும் பாக்குறீங்கன்னா மாறலாம், தப்பில்ல. ஆனா சர்வர்ல காப்பி விடுற டிக்க போட்டு, 14 நாள் கழிச்சு அழிக்கிற மாதிரி வைங்க. போன்லயும் பாக்கணும்னா ஐமேப்லயே இருங்க, பெரிய அட்டாச்மென்ட் இருக்கிற பழைய வருஷ மெயில மட்டும் லோக்கலுக்கு எடுத்து, திறந்து பாத்துட்டு, அப்புறம் சர்வர்ல அழிங்க. திறந்து பாக்காம அழிக்காதீங்க.

கேள்வி: ஊர்ல சிக்னல் ரொம்ப வீக், எது நல்லது?

பதில்: ஐமேப்தான். தலைப்ப மட்டும் முதல்ல இறக்கிட்டு, தொட்டா மட்டும் முழு மெயில் இறங்குற மாதிரி வைக்கலாம்.

கேள்வி: போர்ட் நம்பர் என்ன போடணும் அண்ணா? ஜிமெயில் பாஸ்வேர்ட் சரியா போட்டாலும் ஏத்துக்க மாட்டேங்குது.

பதில்: ஐமேப் 993, பாப்3 995, ரெண்டும் எஸ்எஸ்எல்லோட, அதாவது பூட்டு போட்ட வழியில. அனுப்புறதுக்கு தனியா எஸ்எம்டிபி, 465 இல்ல 587. 143, 110னு பழைய நம்பர் யாராவது சொன்னா, பூட்டில்லாத வழியா பாஸ்வேர்ட் போயிடலாம், வேண்டாம். ஜிமெயில்ல கூகுள் லாகின் பக்கம் தானா திறக்குற ஆப்பா இருந்தா அதுலயே உள்ள போங்க. பழைய ஆப்னா ரெண்டு படி வெரிஃபிகேஷன் ஆன் பண்ணிட்டு, கூகுள் தனியா குடுக்குற 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுத்து அதைப் போடுங்க. அத யாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, உங்க மெயில் பொட்டிக்கு அது முழு சாவி.