கார்டில் இரண்டு ஊசி இருக்கிறது, பார்வோவுக்குப் பயப்படலாமா?

கேள்வி: என் நாய்க்குட்டிக்கு 9 வாரம். இரண்டு தடுப்பூசியும் போட்டாயிற்று என்று விற்றவர் கார்டு கொடுத்தார். பக்கத்து வீட்டு நாய் பார்வோ என்ற வைரஸ் நோயில் இறந்துவிட்டது. வைரஸ் உருமாறிவிட்டதால் ஊசி பலிக்காது என்கிறார்கள். வீட்டில் பூனையும் உண்டு. அதற்கும் தாவுமா?

பதில்: தாவும் வைரஸ்தான் இது. பூனைகளைத் தாக்கும் வைரஸிலிருந்தோ அதன் நெருங்கிய உறவிலிருந்தோ வந்து, 1978-இல்தான் நாய்களிடம் அடையாளம் காணப்பட்டது. செல்லுக்குள் இரும்புச்சத்தை இழுக்கும் கதவு ஒன்று உண்டு. வைரஸ் அதைப் பிடித்துத்தான் நுழைகிறது. நாயின் கதவில் கூடுதலாக ஒட்டியிருந்த சர்க்கரைத் துணுக்கு பூனை வைரஸை மறித்தது. வைரஸின் மேலுறையில் சில மாற்றங்கள், அவ்வளவுதான், நாயின் கதவு திறந்துவிட்டது. அப்போது பூனைக்குள் நுழையும் திறனை இழந்தது. ஓரிரு வருடத்தில் வந்த அடுத்த வகை அதையும் மீட்டுக்கொண்டது. ஆகவே பூனைக்கும் அதற்குரிய தடுப்பூசி இருக்கட்டும்.

ஊசி பலிக்காது என்பது கதை. இன்றைய வகைகளுக்கும் பழைய ஊசி நல்ல பாதுகாப்பு தருகிறது. ‘புது வைரஸுக்குத் தனி ஊசி’ என்று யாராவது பையிலிருந்து குப்பியை எடுத்தால் கதவைச் சாத்துங்கள். இது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசி; குளிரில் வைக்காவிட்டால் வெறும் தண்ணீருக்குச் சமம்.

என் கவலை உங்கள் கார்டைப் பற்றித்தான். குப்பியின் லேபிள், பேட்ச் எண், போட்ட மருத்துவரின் கையெழுத்து மூன்றும் இருக்கிறதா? வெறும் தேதி என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேனா வைத்திருக்கும் எவரும் கார்டு எழுதலாம், யாரும் கேட்பதில்லை. இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சரி, உண்மையாகவே போட்டிருந்தாலும் ஒரு சிக்கல். தாய்ப்பால் வழியாக வந்த, நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) குட்டியின் உடம்பில் சில வாரம் இருக்கும். அது ஊசி மருந்தையும் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடும். அப்புறம் அது குறையும்போது ஒரு கெட்ட இடைவெளி வரும்: நிஜ வைரஸைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும். அந்த இடைவெளி எப்போது வரும் என்பது ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே மாறும். அதனால்தான் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறோம். 9 வாரத்தில் ‘முடிந்தது’ என்று எதுவும் கிடையாது.

அதுவரை குட்டியைப் பக்கத்து வீட்டு மண்ணில் விடாதீர்கள். அங்கே வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும். உங்கள் செருப்பிலும் வரும். ஆல்கஹால் திரவம் உதவாது. அழுக்கைக் கழுவிவிட்டு, 30 பங்கு தண்ணீரில் 1 பங்கு பிளீச் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிடுங்கள்.