நாலு வருடம் ஒன்றாகத் தூங்கிய பூனைகள் திடீரென்று கொலைவெறியோடு அடித்துக்கொள்கின்றன. ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். இந்த வாரம் மட்டுமாவது அந்த முடிவை எடுக்காதீர்கள். இதே நிலையில் நான் இருந்தபோது வீட்டில் அத்தனை பேரும் "ஒன்றைத் தள்ளிவிடு, நிம்மதி" என்றார்கள். கிட்டத்தட்ட தள்ளியும் விட்டிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பூனை வளர்ப்பில் பெரிய ஆளும் இல்லை. செய்யக் கூடாததையெல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தவன், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் ஒன்று அண்மையில் டாக்டரிடம் போய் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் வீட்டில் அதுதான் நடந்தது. சிங்காரமும் அம்மணியும் ஒரே ஈற்றுக் குட்டிகள். இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் எப்போதோ ஆகிவிட்டது. அன்றைக்குச் சிங்காரத்துக்கு ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டு மாலையில் திரும்பினோம். கூடையைத் திறந்ததும் மயக்கம் முழுதாகத் தெளியாமல் தள்ளாடி வெளியே வந்தான். அம்மணி ஓடி வந்து கழுத்தை நீட்டி முகர்ந்தாள். அடுத்த நொடி அவள் வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி உப்பியது. அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். அப்புறம் எது யார் என்றே தெரியாத ஒரு முடிப்பந்து அறை முழுக்க உருண்டது. அடங்கிய பிறகு பார்த்தால் தரையெல்லாம் ரோமம், பாயில் நகத்தின் மேலுறை ஒன்று ஊசி போலக் குத்திக்கொண்டு நின்றது.

பூனை தன் கூட்டாளியை அடையாளம் வைத்திருப்பது பெரும்பாலும் மூக்கால். ஒன்றையொன்று நக்கியும் உரசியும் ஒரு பொது வாசனையைச் சேர்த்து வைத்திருக்கும். மருந்து நெடியோடும், பயந்துபோன வேறு மிருகங்களின் வாடையோடும் வந்து இறங்கியவன் அவளுக்குச் சிங்காரமே இல்லை. இது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு நான் என்ன செய்தேன்? இரண்டையும் மடியில் வைத்துச் சமாதானம் பேசினேன்! அம்மணி என் கையில் பல்லை இறக்கினாள். ஓட்டை இரண்டும் குண்டூசி முனை அளவுதான். விடிந்தபோது மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது, ஒரு வாரம் ஆன்டிபயாடிக். பூனைக்கடியை வெறுமனே கழுவி விட்டுவிடாதீர்கள், கிருமி ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நாலாம் நாள் சிங்காரத்தின் வாலடியில் கோலிக்குண்டு அளவு கட்டி, உள்ளே சீழ். டாக்டர் கேட்டார்: "பின்பக்கம்தானே கடி? அப்படியென்றால் இவன் ஓடியிருக்கிறான்." அதுவரை நான் திட்டியது முழுக்க அவனைத்தான். உருவத்தில் பெரியவன், ஆண், அவன்தான் வம்புக்குப் போயிருப்பான் என்று நானே தீர்ப்பு எழுதி, பால்கனியில் வேறு அடைத்து வைத்திருந்தேன். பல் பிடுங்கிய வலியோடு.

இரண்டையும் சேர்த்தே டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தால் வாடை ஒன்றாக இருந்திருக்கும் என்று இப்போது சொல்கிறவர்களுக்கு: இரண்டாவது கூடை என்னிடம் இல்லை. என் அக்கா "இரண்டு நாளில் தருகிறேன்" என்று வாங்கிப்போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் அவர் பழைய துணி போட்டு வைத்திருப்பதை நானே கண்ணால் பார்த்தேன். கேட்டால் "ஒரு கூடைக்கா இப்படி" என்கிறார். "ஒன்றைத் தள்ளிவிடு" என்று முதலில் சொன்னவரும் அவர்தான். சரி, அதை விடுங்கள்.

எனக்குப் பலித்தது பிரித்து வைத்ததுதான். ஆனால் முதல் தடவை இரண்டே நாளில் கதவைத் திறந்துவிட்டேன், சண்டை முன்னைவிட மோசம். இரண்டாவது தடவை ஐந்து வாரம். தனித்தனி அறை, தனித்தனி மணல் தட்டு, தண்ணீர். ஒரு துண்டால் ஒன்றின் கன்னத்தைத் தேய்த்து மற்றதன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போடுவேன். முதல் நாள் அம்மணி அந்தத் துண்டைப் பார்த்தே சீறினாள். பத்தாம் நாள் அதன்மேல் படுத்துத் தூங்கினாள். அப்புறம்தான் மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு, தட்டைத் தினம் ஒரு சாண் கதவை நோக்கி நகர்த்தினேன். பிறகு கதவில் நாலு விரல் இடைவெளி. உறுமல் கேட்டால் ஒரு படி பின்னால் போவேன். அடிப்பது, தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம். அந்தப் பயத்தையும் எதிரில் நிற்கும் பூனையின் கணக்கில்தான் எழுதும். சண்டை மூண்டால் கையை உள்ளே விடாமல் நடுவில் ஒரு பெரிய அட்டையைச் செருகுங்கள்.

"பூனைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா" என்று கேட்க ஆள் வருவார்கள். வரட்டும்.

டாக்டரிடம் போகவே இல்லை என்றால் சன்னலைக் கவனியுங்கள். வெளியே வேற்றுப் பூனை வந்து உட்கார்ந்தால், அதை எட்ட முடியாத ஆத்திரத்தில் பக்கத்தில் இருப்பதன்மேல் பாயும். அந்த வேகம் அடங்கச் சில மணி நேரமாகலாம், சில நாளும் ஆகலாம். கண்ணாடியின் கீழ்ப் பாதியில் காகிதம் ஒட்டிப் பாருங்கள். இது எதுவும் இல்லை என்றால் உடம்பில் எங்கோ வலி இருக்கலாம். வயதான பூனையின் திடீர்க் கோபத்துக்குப் பின்னால் மூட்டு, பல், தைராய்டு என்று ஏதாவது இருப்பதுண்டு. டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

இப்போது இரண்டும் சோபாவின் இரு முனைகளில் படுக்கின்றன. பழையபடி கட்டிப்பிடித்து இல்லை. போன வாரம் அம்மணி எழுந்து போய் அவன் காதை இரண்டு தடவை நக்கினாள். மூன்றாவது தடவைக்கு அவன் தலையைச் சாய்த்தான். அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டுத் தன் இடத்துக்கே வந்துவிட்டாள்.