நானோ ஆய்வகத்திலிருந்து: கேள்வி பதில்

கே: தங்க நானோ துகள் சிவப்பாக வர வேண்டும், எனக்கு நீலமாகிவிட்டது. (ஆய்வு மாணவி)

ப: குடுவையைச் சந்தேகியுங்கள், அம்மா. 1951இல் வேதியியலாளர் டர்கெவிச் காட்டிய முறைதானே? கொதிக்கும் தங்கக் குளோரைடு கரைசலில் சோடியம் சிட்ரேட்டை விட்டதும் மஞ்சள் மறையும், கருநீலம் தட்டும், சில நிமிடங்களில் மாதுளைச் சாறு போல் தெளியும். துகள்மேல் ஒட்டும் சிட்ரேட்டின் எதிர்மின்சுமைதான் அவற்றை விலக்கி நிறுத்துகிறது. குடுவையில் உப்பு மிச்சமிருந்தால் துகள்கள் கூடிக்கொள்ளும், நிறம் நீலமாகும். இராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவி, வடிநீரில் பலமுறை அலசுங்கள். திராவகக் குப்பியை மட்டும் இறுக மூடாதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும்.

கே: எக்ஸ்கதிர்ப் படத்தின் கோட்டு அகலத்திலிருந்து அளவைக் கணிக்கும் ஷெரர் சமன்பாட்டில் 18 நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) வந்தது. அதுதானே துகள் அளவு?

ப: இல்லை, அது படிகத்தின் அளவு. ஒரு துகளுக்குள் பல படிகங்கள் இருக்கலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இருநூறு துகள்களையாவது அளந்துவிட்டு வாருங்கள்.

கே: எம்.டெக். நானோ படித்தால் வேலை கிடைக்குமா?

ப: இன்று இதே கேள்வி ஐந்தாவது முறை. முதலில் வேதியியலிலோ இயற்பியலிலோ காலூன்றுங்கள்.

கே: துளசிச் சாற்றில் வெள்ளித் துகள் செய்யலாமா?

ப: இலையை மாற்றுவது ஆய்வாகாது. சாற்றில் எந்த மூலக்கூறு வெள்ளி அயனியை ஒடுக்குகிறது, அதாவது எலக்ட்ரான் கொடுத்து வெள்ளியாக்குகிறது என்று தேடுங்கள்.

கே: கழுவிய பிறகும் நீலம்தான்! (அதே மாணவி)

ப: உள்ளே சுழலும் காந்தத்தையும் கழுவினீர்களா? குப்பி மூடி, நினைவிருக்கட்டும்.

கே: உலோகம், தாதுக்களைப் புடமிட்டு (வரட்டித் தீயில் சுட்டு) செய்யும் பற்பமும் செந்தூரமும் விரல் ரேகைக்குள் படியும் நுண்பொடி. நம் சித்தர்கள் செய்தது நானோ இல்லையா? (சித்த மருத்துவர்)

ப: ஐயா, புடமிடும் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் ரேகைப் பள்ளம் சில நூறு மைக்ரோமீட்டர் அகலம். நானோ துகள் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சிறியது. அந்தச் சோதனையால் நானோவைக் காண முடியாது.

கே: 1857இல் சிவப்புத் தங்க நீர்மத்தை ஆராய்ந்த ஆங்கில விஞ்ஞானி ஃபாரடேயும்தான் துகளை அளக்கவில்லை. அவரை மட்டும் நானோவுக்கு முன்னோடி என்கிறீர்களே? (அவரே)

ப: நியாயமான கேள்வி, வகுப்பிலும் இதைக் கேட்கப்போகிறேன். அளக்க அவரிடம் கருவி இல்லை. ஆனால் சிவப்பு நீர்மத்தில் இருப்பது மிக நுண்ணிய தங்கமே என்று வாதிட்டார், அதற்குள் ஒளிக்கற்றையைச் செலுத்திக் காட்டினார், உப்பிட்டால் நீலமாவதை எழுதிவைத்தார். யாரும் திரும்பச் செய்து பார்க்கலாம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ஒவ்வொரு புடத்துக்கும் எத்தனை வரட்டி, எவ்வளவு நேரம் என்று குறித்து, புடத்துக்கு ஒரு சிட்டிகை எடுத்து வையுங்கள். நுண்ணோக்கியில் நானே உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.