பழைய மதிப்பும் புதிய மதிப்பும் ஒரே முகவரியில்

உள்ளடுக்கு மியூட்டபிள் டிக்‌ஷனரியில் ஒரு மதிப்பை மாற்றினால் கேவிஓ அப்சர்வர் ஏன் அசைவதே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கேவிஓ என்பது ஆப்பிளின் ஆப்ஜெக்டிவ்-சி நிரல்களில், ஒரு மதிப்பு மாறினால் அதைக் கவனிக்கும் அப்சர்வருக்கு அறிவிப்பு அனுப்பும் முறை; டிக்‌ஷனரி என்பது கீ, மதிப்பு இணைகளின் தொகுப்பு, மியூட்டபிள் என்றால் அதன் உள்ளடக்கத்தை மாற்றலாம். வெளி ஆப்ஜெக்ட்டின் பிராப்பர்ட்டியைத்தான் கவனிக்கச் சொல்லியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அந்தப் பிராப்பர்ட்டிக்கு வேறொரு டிக்‌ஷனரியைச் செட்டர் (பிராப்பர்ட்டியில் மதிப்பை இடும் மெத்தட்) வழியாகக் கொடுத்தால்தான் அறிவிப்பு தானாக எழும். இருக்கும் டிக்‌ஷனரிக்குள் எது மாறினாலும் செட்டருக்குத் தெரியாது. இதுவரை எவரும் சொல்லிவிடுவார்கள். என்னை நான்கு நாள் அலைக்கழித்தது இதற்கு அடுத்த படி.

அமைப்புகளை மூன்று அடுக்கு டிக்‌ஷனரியாக வைத்திருந்த பழைய ஆப்ஜெக்டிவ்-சி செயலி அது. மாற்றத்துக்கு முன் வில்சேஞ்ச்வேல்யூஃபார்கீ, பின் டிட்சேஞ்ச்வேல்யூஃபார்கீ என்று நானே அழைத்து அறிவிப்பை வரவழைத்தேன். அறிவிப்பு வந்தது, திரை மட்டும் பழைய நிறத்திலேயே நின்றது. பிரேக்பாயிண்ட் வைத்து நிரலை நடுவில் நிறுத்தி, அறிவிப்போடு வந்த விவரத்தை எல்எல்டிபி என்ற பிழைதேடும் கருவியில் அச்சிட்டுப் பார்த்தபோது, பழைய மதிப்பு என்ற இடத்திலும் புதிய நிறமே இருந்தது. இரண்டின் நினைவக முகவரிகளை ஒப்பிட்டேன், கடைசி இலக்கம் வரை ஒன்றே. கேவிஓ பழைய மதிப்பை நகலெடுத்து வைப்பதில்லை, அது இருக்கும் முகவரியைச் சுட்டும் பாயிண்டரை மட்டுமே பிடித்துவைக்கிறது. அப்சர்வரின் முதல் வரியிலோ, இரண்டும் சமமென்றால் திரும்பிவிடு என்று சில மாதங்களுக்கு முன் நானே புத்திசாலித்தனமாக எழுதி வைத்திருந்தேன்.

சரி என்று மியூட்டபிள்காப்பி எடுத்து, அதில் மாற்றி, செட்டர் வழியாகத் திரும்ப வைத்தேன். வெளி முகவரிகள் இப்போது வேறு. ஆனாலும் திரை மாறவில்லை. மியூட்டபிள்காப்பி மேலடுக்கை மட்டுமே நகலெடுக்கும், உள்ளே இருந்தவை இரண்டு நகலுக்கும் பொதுவானவை, ஆகவே நான் மாற்றியது பழையதையும் சேர்த்தே மாற்றிவிட்டது. மாறவேண்டிய கீ வரையுள்ள ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே நகலெடுத்துக் கோத்த பிறகுதான் நிறம் மாறியது.

ஸ்விஃப்ட்டில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் வருவார்கள். உண்மைதான், அங்கே டிக்‌ஷனரி மதிப்பு வகை, அதாவது வேறொரு மாறியில் இட்டால் அது தனி நகலாகவே நடந்துகொள்ளும். ஆனால் பிறர் எழுதிய பழைய நிரலைப் பராமரிப்பவருக்கு அந்த அறிவுரையால் அன்றைய வேலை முடியாது. அடுக்குகளைத் தனி கிளாஸ்களாக்கியிருக்கலாமே என்றால், அதை ஒப்புக்கொள்கிறேன். பின்னர் அதைத்தான் செய்தேன்.

முழுக் கீபாத்தையே, அதாவது கீகளைப் புள்ளியால் கோத்து எழுதும் பாதையையே, கவனிக்கலாம், உள்மதிப்பை செட்வேல்யூஃபார்கீ மூலம் மாற்றினால் அறிவிப்பும் வரும். ஆனால் கீயின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் டிக்‌ஷனரி எக்செப்ஷன் எழுப்பாது, nil (மதிப்பு எதுவும் இல்லை) என்று திருப்பித் தந்துவிட்டு மௌனமாக இருக்கும். கோப்புப் பெயர்களைக் கீயாக வைத்திருந்தால் இன்னும் மோசம்: பெயரிலுள்ள புள்ளியைக் கீபாத் அடுத்த அடுக்கு என்று எடுத்துக்கொள்ளும். அர்ரேக்கு, உள்ளே செய்யும் மாற்றத்தையும் அறிவிக்கும் மியூட்டபிள்அர்ரேவேல்யூஃபார்கீ உண்டு, செட்டுக்கும் அதுபோல் ஒன்று உண்டு. டிக்‌ஷனரிக்கு மட்டும் ஏன் இல்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறாத மனக்குறை.